சைலோவுக்கு லோடு செல் எங்கே வைப்பது: டிராயிங் முதல் எடைக்கல் வரை

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் ஒரு புது சைலோ (சரக்கு கொட்டி வைக்கும் உயரமான தொட்டி) நிற்கிறது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கால் நட்டு, தொட்டியை ஏற்றி, பைப்பெல்லாம் வெல்டு அடித்து முடித்த பிறகு, எடையை மின் சிக்னலாக மாற்றித் தரும் லோடு செல்லின் பெட்டியைக் கையில் கொடுத்து "இதை எங்கே வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அப்போது நல்ல இடம் என்று எதுவும் மிச்சம் இருக்காது.

தொட்டியின் எடை தரைக்கு இறங்க லோடு செல்லைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் உள்ள படியில் விட்ட பிழையைப் பின்னால் உள்ள படியில் திருத்த முடியாது.

1. வேலைக்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

காலித் தொட்டியின் எடை, அதோடு மோட்டார், கியர்பாக்ஸ், பேக் ஃபில்டர் (தூசு வடிகட்டும் பை), கைப்பிடிக் கம்பி எல்லாம் சேர்த்து. ஃபேப்ரிகேட்டர் சொல்லும் எடையில் இவை பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே வரப்போவது தூளா, மணியா, திரவமா? சூடாக வருமா? எந்தப் பக்கத்திலிருந்து கொட்டும்?

எவ்வளவு துல்லியம் வேண்டும்? இருப்பு தெரிந்தால் போதும் என்பது ஒரு வேலை, ஒவ்வொரு பேட்ச்சும் அளந்து போட வேண்டும் என்பது வேறு வேலை. அந்த எடையை வைத்தே சரக்கு விற்பதாக இருந்தால் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும். அதை முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். பொருள் வாங்கிய பிறகு தெரிந்தால் செல்லையும் இண்டிகேட்டரையும் (எடையை எண்ணாகக் காட்டும் கருவி) மாற்ற வேண்டி வரலாம்.

2. எத்தனை இடம் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று கால் என்றால் மூன்று செல். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பது வீட்டிலேயே பார்த்த விஷயம்தான். மூன்று இடத்தில் எடை தானாகப் பிரிந்துகொள்ளும். இடமும் டிசைனும் ஒத்துவந்தால் மூன்றையே கேளுங்கள்.

நான்கு கால் வந்தால் ஒன்று குறைந்து நிற்கும். மற்ற மூன்றும் சுமக்க, அது சும்மா இருக்கும். அதைச் சரிசெய்யத்தான் ஷிம், அதாவது அடியில் சொருகும் மெல்லிய தகடு. 9-ஆம் படியில் வருகிறது. நான்குக்கு மேல் போனால் எடையைச் சமமாகப் பிரிப்பது பெரும்பாடு. முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள்.

செலவைக் குறைக்க இரண்டு காலுக்கு மட்டும் செல் வைத்து, மற்ற இரண்டை வெறும் கீலாக விடுவதும் உண்டு. திரவத்துக்கு, அதுவும் வடிவம் சமச்சீரான தொட்டிக்கு மட்டும் இது சரி. திரவம் எப்போதும் மட்டமாக ஏறுவதால் எடையின் மையம் பக்கவாட்டில் நகராது. தவிடும் சிமெண்டும் ஒரு பக்கம் குவியும், ஒரு பக்கம் குழியும். அங்கே பாதி எடையை அளந்து இரண்டால் பெருக்கினால் வருவது வெறும் ஊகம்.

3. எந்த உயரத்தில் என்று முடிவு செய்யுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இது பாலக்காட்டுக் கணவாய். ஜூன் பிறந்தால் தென்மேற்குக் காற்று இந்த இடைவெளிக்குள் நெருக்கியடித்து நுழைகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 டன் சிமெண்ட் சைலோ. விட்டம் 3 மீட்டர், உருளையின் உயரம் 9 மீட்டர், அதற்கு அடியில் 5 மீட்டர் கால். நான்கு கால், இடைவெளி 2.5 மீட்டர். காலி எடை 7 டன், அதாவது ஒரு காலுக்கு 1.75 டன்.

இந்தியத் தரம் 875-இன் மூன்றாம் பகுதி பக்கத்து ஊரான கோயம்புத்தூருக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதிலிருந்து வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ. உருளையின் முகப்பு 27 சதுர மீட்டர். உருண்டை வடிவம் என்பதால் 0.7-ஆல் பெருக்குகிறோம். மொத்தம் 1.75 டன் பக்கவாட்டுத் தள்ளல்.

செல்லைக் காலின் உச்சியில், உருளையின் அடியில் வைத்தால் இந்தத் தள்ளல் 4.5 மீட்டர் நெம்புகோலோடு வேலை செய்யும். காற்று வரும் பக்கத்துக் கால் ஒவ்வொன்றும் சுமார் 1.6 டன் இழக்கும். மிச்சம் 150 கிலோ. தப்பித்தோம்.

அதே செல்லைக் காலின் அடியில், தரையில் வைத்தால் நெம்புகோல் 9.5 மீட்டர் ஆகிவிடும். இழப்பு காலுக்கு 3.3 டன். கையில் இருப்பதோ 1.75. காலித் தொட்டி அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும்.

ஆகவே செல் எவ்வளவு மேலே, தொட்டியின் எடை மையத்துக்குப் பக்கத்தில் போகிறதோ அவ்வளவு நல்லது. கீழேதான் வைத்தாக வேண்டும் என்றால் தூக்குத் தடுப்பு போல்ட் கட்டாயம். கால்களை அடியில் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு ஏற ஏறக் கால்கள் வெளிப்பக்கம் விரிந்து செல்லைப் பக்கவாட்டில் தள்ளும்.

இது இடத்தை ஒப்பிடப் போட்ட கணக்கு மட்டுமே. நிலப்பரப்பு, உயரம் எல்லாம் சேர்த்து அசல் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். தூக்குத் தடுப்பு இல்லாத மவுண்டை (செல்லைப் பிடித்து வைக்கும் இரும்பு அமைப்பு) இந்தக் கணவாய்க்குள் நான் எந்த உயரத்திலும் வைக்க விடமாட்டேன்.

4. செல்லின் திறனைத் தேர்ந்தெடுங்கள்

அதே சைலோவில் 7 + 60 = 67 டன். நான்கால் வகுத்தால் 16.75. எடை சமமாகப் பிரியாது என்பதற்காக 1.25 மடங்கு, ஏறக்குறைய 21. காற்று சேர்த்து 22.5. இதற்கு 30 டன் செல்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். நான்கு காலில் எதிரெதிர் மூலை இரண்டு மட்டுமே மொத்த எடையையும் தாங்கும் நிலை ஒருநாள் வரலாம். அப்போது ஒன்றுக்கு 33.5 டன். 30 டன் செல்லின் பாதுகாப்பான மிகைச்சுமை வழக்கமாக 150 சதவீதம், அதாவது 45 டன். தாங்கும். வாங்கும் செல்லின் தாளில் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெருசா போட்டுட்டா கவலை இல்ல சார்" என்று 50 டன் செல்லை நீட்டுவார்கள். 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 20 மில்லிவோல்ட் தரும் செல் என்று வைத்துக்கொள்வோம். 30 டன் செல்லில் நம் 60 டன் சிமெண்ட் 10 மில்லிவோல்ட் தரும். 50 டன் செல்லில் 6 மட்டுமே. அளக்க வேண்டிய சிக்னலை நாமே சுருக்கிக்கொள்கிறோம்.

5. செல்லுக்கு அடியில் உள்ள இரும்பைப் பாருங்கள்

செல் முழுச் சுமையிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே அமுங்கும். அதைத் தாங்கும் உத்திரம் பத்து மில்லிமீட்டர் தொய்ந்தால் துல்லியத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

உத்திரத்தின் நடுவில் வைக்காதீர்கள். தூணை ஒட்டி வையுங்கள். சுமை விழும் இடத்தில் உத்திரத்தின் இருபுறமும் வலுத்தகடு வெல்டு அடிக்க வேண்டும். இல்லையென்றால் உத்திரத்தின் மேல்தகடு (ஃபிளேஞ்சு) ஒரு பக்கம் சாயும், செல்லும் கூடவே சாயும்.

நான்கு இடமும் ஒரே அளவு தொய்ய வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். மூன்று செல் தூண்மேல், ஒன்று மட்டும் உத்திரத்தின் மேல் என்றால், சரக்கு ஏறும்போது உத்திரம் இறங்கி, அந்த எடை மற்ற மூன்றுக்கும் போய்விடும். பக்கத்து சைலோவும் அதே உத்திரத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். அதை நிரப்பும்போது இதன் எடை மாறும்.

பேஸ் பிளேட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை இரண்டு திசையில் வைத்துப் பாருங்கள். நான்குக்கும் இடையே டியூப் மட்டம் பிடியுங்கள். கொத்தனார் பிடிக்கும் அதே தண்ணீர் டியூப் போதும், குமிழி மட்டும் இருக்கக் கூடாது.

6. எது நிலை, எது நகரும் என்று பிரியுங்கள்

இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். மாட்டுத்தீவன ஆலையில் மொலாசஸ் (கரும்புப் பாகு) தொட்டியைச் சூடாக்குகிறார்கள். 3 மீட்டர் விட்டம், 30 டிகிரியிலிருந்து 80 வரை போனால் 1.8 மில்லிமீட்டர் விரியும். நான்கு மவுண்டையும் இறுக்கிப் பூட்டினால் இந்த விரிவு முழுக்கச் செல்லின் மேல் பக்கத் தள்ளலாக இறங்கும்.

அதனால் ஒரு மூலை நிலையானது. அடுத்த மூலை ஒரு திசையில் மட்டும் நகரும். மற்றவை எல்லாத் திசையிலும் நகரும். எந்த மவுண்டு எங்கே என்பதை டிராயிங்கில் குறித்து, பெயின்டால் காலிலும் எழுதிவிடுங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

தொட்டி சுழலாமல், நகராமல் இருக்க ஸ்டே ராடு போடுவோம். அதை வட்டத்தின் விளிம்புக்குத் தொடுகோடாக, படுக்கைமட்டமாகப் போடுங்கள். மையத்தை நோக்கிப் போட்டால் விரிவைத் தடுக்கும். கொஞ்சம் சாய்வாகப் போனால் எடையில் ஒரு பங்கை அதுவே தாங்கிக்கொள்ளும்.

7. பைப், ஏணி, நடைபாதை: எடை திருடும் இடங்கள்

நான் சரிசெய்யப் போன கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் இருந்தன. செல்லைக் குறை சொல்லிக் கழற்றுவதற்கு முன் தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து, அதைத் தொடும் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு எண்ணுங்கள்.

பைப் ஒரு ஸ்பிரிங் மாதிரி. 50 மில்லிமீட்டர் இரும்புப் பைப் தொட்டியிலிருந்து 1 மீட்டரில் கிளாம்ப் செய்யப்பட்டிருக்கிறது, தொட்டி 1 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால், பைப் 65 முதல் 70 கிலோவைத் தாங்கிக்கொள்ளும். கிளாம்பை 2 மீட்டருக்குத் தள்ளினால் அது 8 கிலோ சொச்சமாகக் குறையும். நீளம் இரட்டித்தால் விசை எட்டில் ஒரு பங்கு. முதல் கிளாம்பை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ளுங்கள். பைப் படுக்கையாக வந்து சேர வேண்டும். அதன் தாங்கியைத் தொட்டி நிற்கும் அதே ஸ்ட்ரக்சரில் இருந்து எடுங்கள். இரண்டும் சேர்ந்து தொய்ந்தால் இழுவிசை குறையும்.

வளைந்து கொடுக்கும் குழாய் போட்டால் அது தளர்வாக, லேசாகத் தொய்ந்து இருக்க வேண்டும். கம்பிபோல் விறைப்பாக இழுத்துக் கட்டிய ரப்பர் குழாயும் பைப்தான்.

கேன்வாஸ் உறையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மேலேயுள்ள கன்வேயரிலிருந்து 400 மில்லிமீட்டர் உறை வழியாகத் தவிடு விழுகிறது. பேக் ஃபில்டர் அடைத்து, கீழேயுள்ள எடை போடும் தொட்டிக்குள் (ஹாப்பர்) 200 மில்லிமீட்டர் தண்ணீர்க் கம்ப அழுத்தம் ஏறினால், அந்த வாயளவுக்கு 25 கிலோ கீழ்நோக்கி அழுத்தும். 500 கிலோ பேட்ச்சில் 25 கிலோ! காற்று வெளியேற வழி விட்டு, உறையைச் சிறிதாக வையுங்கள்.

நடைபாதைக்கு வருகிறேன். ஒரு தீவன ஆலையில் காலையில் சரியாக இருக்கும் எடை மதியத்துக்கு மேல் 300 கிலோ குறையும் என்று கூப்பிட்டார்கள். இரண்டு முறை செல்லை மாற்றியிருந்தார்கள். மேலே ஏறிப் பார்த்தால், இரண்டு சைலோவுக்கும் நடுவே போட்ட நடைபாதையின் கைப்பிடி இரண்டு பக்கமும் வெல்டு அடித்திருந்தது. வெயில் ஏற ஏற அந்தக் கம்பி விரிந்து இரண்டு தொட்டியையும் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தை அறுத்து, 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். அடுத்த நாள் மதியம் எடை அசையவில்லை.

நடைபாதையும் ஏணியும் ஒன்று முழுக்கத் தொட்டியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது முழுக்கத் தரையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். எர்த் பட்டையும் அப்படித்தான். விறைத்த இரும்புப் பட்டைக்குப் பதில் பின்னல் செம்புக் கம்பி போடுங்கள்.

8. வெல்டிங் முடியும்வரை செல்லைப் பெட்டியிலேயே வையுங்கள்

செல்லின் உயரத்துக்கே ஒரு இரும்புக் கட்டையை வெட்டி, அந்த இடத்தில் வைத்து எல்லா வெல்டிங்கும் முடியுங்கள். வெல்டிங் கரண்ட் செல் வழியாகப் போனால் உள்ளே எடையை உணரும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒரு நொடியில் போய்விடும்.

பின்னால் ஒரு பிராக்கெட் விட்டுப்போனது என்று வெல்டர் வருவார். அப்போது செல்லைக் கழற்றுங்கள். கழற்றவே முடியாது என்றால் வயரைப் பிரித்து, செல்லைத் தாண்டிப் போகும்படி தடித்த செம்புப் பின்னல் கட்டி, எர்த் கிளாம்பை வெல்டு அடிக்கும் இடத்துக்கு ஒட்டியே போடச் சொல்லுங்கள். "சேட்டா, எர்த் இங்கே" என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து கத்தினால் வேலை நடக்காது.

9. இறக்குங்கள், ஷிம் போடுங்கள்

ஜாக்கியால் எல்லா மூலையையும் கொஞ்சம் கொஞ்சமாக, சேர்ந்தாற்போல இறக்குங்கள். ஒரு மூலையை முதலில் இறக்கினால் அந்த ஒரு செல் மொத்தத்தையும் வாங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை விடக் கூடாது. பக்கத்தில் கட்டை இருக்கட்டும்.

காலித் தொட்டி உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு செல்லின் மில்லிவோல்ட்டையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். நம் சைலோவில் ஒவ்வொன்றும் 1.17 பக்கம் வர வேண்டும். அதனால் மில்லிவோல்ட்டில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் மீட்டர் வேண்டும். காற்று அடங்கிய அதிகாலையில் அளப்பது நல்லது.

நான்கு காலில் எதிரெதிர் மூலை இரண்டு அதிகமாகவும் மற்ற இரண்டு குறைவாகவும் காட்டும். குறைந்த மூலையில் 0.5 மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் சொருகி மறுபடி நான்கையும் அளந்து பாருங்கள். ஒரு மூலையைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் நான்கையும் அளக்க வேண்டும். பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் போதும். மோட்டார் ஒரு பக்கம் தொங்கும் தொட்டியில் அந்தப் பக்கம் இயல்பாகவே கூடும். அதை ஷிம்மால் சமமாக்கப் பார்க்காதீர்கள்.

10. வயர்

செல்லோடு வரும் நான்கு கம்பி வயரை வெட்டக் கூடாது. அந்த நீளத்தோடு சேர்த்துத்தான் அளவு செய்து அனுப்புகிறார்கள். மிச்சத்தைச் சுருட்டி, எல்லாச் செல்லின் வயரும் சேரும் ஜங்ஷன் பாக்ஸ் பக்கத்தில் கட்டுங்கள். பாக்ஸிலிருந்து இண்டிகேட்டருக்கு ஆறு கம்பி கேபிள். மோட்டார் கேபிளிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும்.

ஜங்ஷன் பாக்ஸில் கிளாண்ட் (வயர் உள்ளே நுழையும் வாய்) எப்போதும் அடிப்பக்கம். மேலே வைத்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை முழுக்க உள்ளே இறங்கும். எலி கடிக்கும் என்பதால் தீவன ஆலையில் இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

11. எடை வைத்துச் சரிபாருங்கள்

மில்லிவோல்ட் கணக்கை மட்டும் இண்டிகேட்டரில் ஏற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். பைப் எவ்வளவு திருடுகிறது என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. உண்மையான எடையை வைத்தால்தான் அது வெளியே வரும்.

முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் 50 இருந்தால் 1 டன். அதைத் தொங்கவிடத் தொட்டியைச் சுற்றிக் கொக்கிகளை டிராயிங்கிலேயே கேட்டிருக்க வேண்டும். எடைக்கல்லை ஏற்றிக் குறியுங்கள், இறக்குங்கள். அதே எண் வரும்வரை சரக்கை நிரப்புங்கள். மறுபடி எடைக்கல். இப்படியே படிப்படியாக மேலே போக வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் நம்பலாம்.

அவசரம் என்றால், பக்கத்து எடை மேடையில் பல்க்கரை (சிமெண்ட் கொண்டுவரும் தொட்டி லாரி) நிறைத்தும் காலியாகவும் எடை போட்டு, வித்தியாசத்தை சைலோவில் ஏறியதோடு ஒப்பிடலாம். இருப்பு பார்க்கும் சைலோவுக்கு இது போதும், பேட்ச் ஹாப்பருக்குப் போதாது.

கடைசியில் எல்லாம் காலியான பிறகு பூஜ்யம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் எங்கோ ஏதோ உரசுகிறது. 7-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

12. மே கடைசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள்

சிந்திய சிமெண்டும் மழைச்சாரலும் சேர்ந்தால் மவுண்டின் இடுக்கில் கான்கிரீட். ஒரு பேட்சிங் பிளான்டில் உளியால் தட்டி ஒரு மூலையை விடுவித்ததும் இண்டிகேட்டர் 180 கிலோ தாவியதைப் பார்த்தேன். உடைந்து விழுந்த துண்டு என் உள்ளங்கை அளவுதான் இருந்தது.

தென்மேற்கு மழை தொடங்குமுன் பழைய ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து ஒவ்வொரு மவுண்டின் இடுக்கிலும் சுற்றிவர ஓட்டுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். தூக்குத் தடுப்பு போல்ட்டின் இடைவெளியையும் பாருங்கள். ஆடுகிறது என்று யாராவது இறுக்கியிருப்பார்கள்.

பிறகு தொட்டி காலியாக இருக்கும் நேரம் பார்த்து நான்கு மூலையின் மில்லிவோல்ட்டையும் மறுபடி அளந்து, தேதியோடு ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். மேலே போன வருடத்து வரி இருக்கும்.